தாத்தாவின் ஏழு நோட்டுகள்: தூத்துக்குடி மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், 60 வார்டுகளின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. உங்களில் பலர் வீட்டிலும் நின்றிருக்கும், விவரிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். என் தாத்தா ஒரு தோணி முதலாளியிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய 11 நோட்டுகள் அதில் இருந்தன. நான்கு கூழாகிவிட்டன. மீதி ஏழையும் மொட்டை மாடியில் செங்கல் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். அத்தனை வருஷம் கட்டிலுக்கடியில் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன்.

வெங்காயம், மிளகாய் வற்றல், ஓடு, கருவாடு எல்லாம் கொழும்புக்கு. திரும்பி வரும்போது கொட்டைப்பாக்கும் கொப்பரையும். தோணியை ஓட்டிச் செல்லும் தண்டலுக்கு முன்பணம், பாய் தைத்த கூலி, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்துக் கூலி. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு தொகை, சிவன் கோயில் தேருக்கு ஒரு தொகை, கந்தூரிக்கு ஒரு தொகை. முதலாளி கத்தோலிக்கர், எழுதியவர் திருநீறு பூசியவர், சரக்கு வாங்கியவர்களில் பாதிப்பேர் முஸ்லிம் வியாபாரிகள். ஏழு நோட்டிலும் ‘முத்து’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் சுமை தூக்கிய ஒருவரின் பெயராக.

இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த ஒற்றை ‘முத்து’தான்.

நம் ஊருக்கு வழங்கும் முத்துநகர் என்ற பேர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. சென்னைக்குப் போக நானும் முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் ஏறுகிறேன். ஆனால் ஊரை அழகுபடுத்துவோம் என்று யார் பேச்செடுத்தாலும் வாய் திறந்த ஒரு சிப்பியும் நடுவில் ஒரு வெள்ளை உருண்டையும்தான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. விமான நிலையத்தில் புதிய முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. அடுத்த மாதமே மின்சாரக் கார் ஆலை திறந்தது. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வேலைக்காக வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு நம்மைப் பற்றி நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்துவிட்டால் நல்லது.

முத்தின் கதையையே கொஞ்சம் நேராகப் பார்ப்போம். அது கொற்கையில் தொடங்குகிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் ஒதுங்கிப் போக, துறை காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைப் பற்றித்தான். அதுவும் தூர்ந்த பிறகுதான் நம் முறை வந்தது. ஆகவே நாங்கள்தான் ஆதி என்று நாம் மார்தட்டினால் கொற்கைக்காரர்கள் சிரிப்பார்கள்.

முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் வரும் திருவிழாவும் அல்ல. கடலடியில் சிப்பி கிடக்கும் பார்களைப் போய்ப் பார்த்து, சிப்பி முற்றியிருக்கிறது என்று உறுதியானால்தான் சலாபம் அறிவிப்பார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சடக்கி, பை நிறைய அள்ளி வந்தவருக்குக் கிடைத்தது ஒரு பங்கு. பெரும்பங்கு ஆள்கிறவருக்கு. ஆள்கிறவர் பாண்டியராக இருந்தார், போர்த்துகீசியராக இருந்தார், டச்சுக்காரராகவும் ஆங்கிலேயராகவும் இருந்தார். 1961க்குப் பிறகு நம் கடலில் சலாபமே நடக்கவில்லை. 1973இல் இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டினார்கள். நல்ல சாதனை. ஆனால் அதை நம்பி ஊரில் அடுப்பு எரிந்ததில்லை.

அப்படியானால் ஊர் எதில் நின்றது? என் தாத்தாவைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் தோணி என்றிருப்பார்.

நம் கடல் கரையோரம் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல் வந்த காலத்தில் அது கரையை நெருங்க முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே எல்லாவற்றையும் தோணிதான் சுமந்தது. 1876இல் ரயில் வந்ததும் கரிசல் காட்டுப் பருத்தி முழுக்க இங்கே வந்து குவிந்தது. ராலி என்ற கிரேக்கக் குடும்பத்தார் கம்பெனியும், வோல்கார்ட் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனியும் பருத்தி வாங்க வந்து உட்கார்ந்தன. 1888இல் ஹார்வி சகோதரர்கள் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். பருத்திப் பொதி போனது, நிலாவரை என்ற மருந்திலை போனது, கருப்பட்டி போனது, தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்கள் போனார்கள். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் இறங்கிக் கப்பலேறிய இடம் நம் ஊர். சாமானாக இருந்தாலும் சாகிபாக இருந்தாலும் தோணிக்காரர் கை கொடுத்துத்தான் கப்பலேற்ற வேண்டியிருந்தது.

வ.உ.சி. கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது, காலியோ, லாவோ என்ற கப்பல்கள் வந்தது, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், சிறை, செக்கு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மேடைகளில் சட்டென்று தாண்டிப் போகிற ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரு பங்கு 25 ரூபாய் என்று 10 லட்சம் ரூபாய் திரட்டக் கிளம்பிய கம்பெனியில், 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வெள்ளாளர் வீட்டு வக்கீல் கனவு கண்டார், முஸ்லிம் வணிகர் பணம் போட்டார். ‘சுதேசி’ என்ற சொல்லுக்கு இந்த ஊர் கொடுத்த பொருள் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1658இல் போர்த்துகீசியரை விரட்டிவிட்டு இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரை அவர்கள் மொழியில் சுருக்கினால் வி.ஓ.சி. வ.உ.சி.யை ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே மூன்று எழுத்து! அந்த வி.ஓ.சி. ஆட்கள் இருந்த கரையில், இந்த வி.ஓ.சி.யின் பேரில் இன்றைக்குத் துறைமுகம் இருக்கிறது. இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் வாசிக்கிறவர்கள் ஒரு நிமிஷமாவது நிற்பார்கள்.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனது கோட்டை கொத்தளம் அல்ல. நம் வாயில் இருக்கிறது. காசைத் ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரரின் ‘தொய்த்’ என்ற செப்புக்காசு. ‘கக்கூஸ்’ கூட அவர்கள் கொடுத்ததுதான், மன்னிக்கவும். போர்த்துகீசியர் விட்டுப்போன ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம் இல்லாமல் ஒரு வீட்டையும் நடத்த முடியாது, ஒரு மீனையும் விற்க முடியாது. கிரகோப் தெருவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பிறந்ததிலிருந்து அங்கேதான் குடியிருக்கிறார். பேருக்கு என்ன பொருள் என்று கேட்டால் ஏதோ வெள்ளைக்காரன் பேர் என்கிறார். டச்சு மொழியில் இடுகாட்டுக்கு ‘கெர்க்ஹோஃப்’ என்று பேர். கிரகோப் அதன் திரிபு என்பது என் எண்ணம். தெரிந்துகொண்டால் அவர் வீட்டை மாற்றிவிடுவாரோ என்று சொல்லாமல் இருக்கிறேன்!

டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போகிறார்கள். விரித்துச் சொன்னால் மேற்கு கிரேட் காட்டன் ரோடு. வி.இ. ரோடு என்றால் விக்டோரியா எக்ஸ்டென்ஷன். ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று ரயில்வே கேட்டை வைத்தே வழி சொல்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? பேரை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. எந்தப் பேரையும் மாற்றாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு தெருப் பலகைக்குக் கீழும் இரண்டு வரியில் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். பருத்தி போய்விட்டது, எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் ஜெயிலானி தெருவும் எம்பரர் தெருவும் மணல் தெருவும் வெறும் தபால் முகவரிதான்.

மாதா கோயிலுக்கு வருகிறேன். இந்த ஊரில் யாரும் பனியைக் கண்டதில்லை. ஆனால் ஊரின் தாய் பனிமய மாதா. பெரியவர்கள் இன்னும் தஸ்நேவிஸ் மாதா என்றுதான் சொல்வார்கள். போர்த்துகீசிய மொழியில் ‘பனிகளின்’ என்று பொருள்படும் ‘தஸ் நேவிஸ்’ அப்படியே நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது என்பது மரபு. 1530களில் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்ட்டுகள், கத்தோலிக்கத்தை விடச் சொல்லி நெருக்கினார்கள். பரதவர்கள் விடவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்ட சபை 1806இல் தங்கத்தேரை முதன்முதலாக ஓட்டியபோது, அது நம் பக்கத்துக் கோயில் தேர்கள்போல வடம் பிடித்து இழுக்கிற தேராக இருந்தது. அந்தத் தேர் எல்லா ஆண்டும் ஓடாது. ஓடுகிற ஆண்டில் ஆகஸ்ட் 5ஆம் தேதி வடத்தில் எத்தனை சாதி, எத்தனை மதத்துக் கைகள் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிற வழக்கம் இங்கே இல்லை. என் தாத்தா கணக்கில் எழுதிய தொகைகள்கூட அப்படித்தான், மூன்று திருவிழாச் செலவும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில்.

இதைச் சொல்வதால் இங்கே எல்லாரும் எப்போதும் அண்ணன் தம்பியாகவே இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சாதிச் சண்டைகளைப் பார்த்த ஊர்தான் இது. கரைக்கு ஒரு சாதி, கடைக்கு ஒரு சாதி, உப்பளத்துக்கு ஒரு சாதி என்று பிரிந்து கிடந்ததும் உண்மை. ஆனால் ஒரு தோணி கிளம்ப வேண்டுமென்றால் இத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். ஏரா என்ற அடிமரம் வைத்து வங்கு என்ற விலாமரங்களைப் பூட்டும் தோணித் தச்சரான ஓடாவி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிறவர், கொடுக்கல் வாங்கல் எழுதும் கணக்கப்பிள்ளை, தண்டல், சரக்குக்காரர். ஒருவரையொருவர் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் கடலுக்கு இல்லை.

சங்கு கதையையும் விட்டுவிடக் கூடாது. திரேஸ்புரம் பக்கத்தில் சங்கு குளித்தவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போனது. அங்கே மணப்பெண் கையில் போடும் வெள்ளைச் சங்கு வளையல் அதை அறுத்துச் செய்ததுதான். மன்னார் வளைகுடாவின் அடியில் கிடந்தது கல்கத்தாவிலும் டாக்காவிலும் தாலி மாதிரி ஆனது. முத்துக்குக் கிடைத்த பேர் சங்குக்குக் கிடைக்கவில்லை. சங்கு குளித்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

உப்பைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். பாத்தியில் உப்பு வாருகிற பெண்ணிடம் போய் உங்கள் ஊர் முத்துநகர் என்று சொல்லிப் பாருங்கள். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசுகிற கூசலுக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைகிற இடம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அந்தப் பெருமையில் அவருக்கு என்ன பங்கு என்பது தனி மடலுக்கு உரியது. மக்ரூனை விட்டுவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்தால் அப்படி ஆகும் என்று கண்டுபிடித்தவருக்கு நன்றி. முந்திரியும் போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான்.

வெளியூரில் இன்றைக்குத் தூத்துக்குடிக்காரன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் 2018 மே 22ஐத்தான் கேட்கிறார். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த நாள், அதில் 13 பேர் இறந்தார்கள். கேட்கட்டும், மறக்கக் கூடாதுதான். ஆனால் அதற்கும் முத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத ஊர்போல நாம் ஆகிவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மாதா கோயிலைச் சுற்றியும் கடற்கரைச் சாலையை ஒட்டியும் இன்னும் சில பழைய வீடுகள் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. சாந்து உதிர்ந்த இடத்தில் சுவரைத் தடவினால் தேன்கூடு மாதிரி துளைகள் விரலில் படும். அந்தக் கல்லை எடுத்த கதை பெருமைப்பட வேண்டியது அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போனதற்குப் பவளக்கல் வெட்டியதும் ஒரு காரணம். இப்போது வெட்டுவது குற்றம். எனவே இந்த வீடுகளை இடித்தால் மறுபடி இப்படி ஒன்றைக் கட்டவே முடியாது. ஒரு தீவைக் கொடுத்து வாங்கிய சுவரை டிராக்டரில் ஏற்றிப் பள்ளம் நிரப்ப அனுப்புவது இரட்டை நஷ்டம். வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. பங்காளிகள் நான்கு ஊரில் இருக்கிறார்கள், பராமரிப்புச் செலவு ஏறுகிறது, அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். வைத்திருக்கிறவருக்குச் சொத்துவரியில் சலுகை கொடுக்க முடியுமா என்று மன்றத்தில் பேசுங்கள். முடியாவிட்டால், இடிக்க அனுமதி கொடுப்பதற்கு முன்பு வீட்டை அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்க ஓர் ஆளையாவது அனுப்புங்கள். அதற்கு ஒரு நாள் போதும்.

பழைய துறைமுகத்தில் இப்போதும் தோணிகள் நிற்கின்றன. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போகின்றன. பாயோடு இன்ஜினும் வந்து நாளாயிற்று. 1974இல் பெரிய துறைமுகம் ஆனபிறகு கப்பல் நேராகத் தளத்தில் வந்து கட்டுகிறது, நடுவே தோணி வேண்டியதில்லை. காலம் மாறியது, அதற்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. ஆனால் மரத்தோணி கட்டத் தெரிந்த ஓடாவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் வரைபடம் இல்லை. அளவு கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. உழைப்பு முடிந்த ஒரு தோணியை வாங்கிக் கரையில் ஏற்றி, மேலே ஒரு கொட்டகை போட்டு, பக்கத்திலேயே ஓர் ஓடாவி உளி பிடிக்க இடம் கொடுத்தால் சிப்பிச் சிலையை விட அது பேசும். இடம் துறைமுக ஆணையத்துடையதாக இருக்கும், தெரியும். அவர்களோடு நீங்கள்தான் பேச முடியும், நான் பேசினால் வாசலில் காவலாளி நிறுத்திவிடுவார்.

இதற்கெல்லாம் பணம் எங்கே, குடிநீரும் சாக்கடையும் முதலில் இல்லையா என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த நகராட்சியின் தலைவராக இருந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து அவர்களையும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள், அவ்வளவு தூரத்துக்குக் குழாய் போடப் பணம் எங்கே என்று. தண்ணீர்தான் முதல், நானும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளத்தில் நின்றவன் அல்லவா! மழைநீர் வடிகால் வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. தெருப் பலகையில் இரண்டு வரி சேர்ப்பதற்கு அந்த வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அதில்தான் எனக்கு அவசரம். என் வீட்டில் 11இல் நான்கு போயிற்று. இதே ஊரில் இன்னும் எத்தனை கட்டிலுக்கடியில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன? தோணிக் கணக்கு, பருத்திக் கணக்கு, கொழும்பிலிருந்து வந்த கடுதாசிகள், மில் கூலிச் சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, கடை அடமானப் பத்திரம். நூலகத்தில் ஓர் அறை, ஒரு ஸ்கேனர், பழைய தமிழ்க் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். சனிக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். படியெடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டுக்கே கொடுத்து அனுப்புங்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருக்கிற பரதவக் குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டால் அவர்களிடமிருந்தும் வரும். 2011இல் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டு ஒரு வருஷம்கூட ஓடாமல் நின்றுபோனது. காகிதமாவது போய்வரட்டும்.

முதல் ஆளாக நான் வருகிறேன். ஏழு நோட்டும் காய்ந்துவிட்டன. ஓரம் மட்டும் அலை மாதிரி நெளிந்திருக்கிறது. ஐந்தாவது நோட்டில் பாதிப் பக்கங்களில் மை ஊறிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கப்பிள்ளையின் பேரன்
தூத்துக்குடி